எந்த டெத் ஸ்டார் அசல்?
பழைய பிளேசெட்களின் வட்டார வடிவங்கள் பற்றிய விவாதம்: ஒரு மதிப்பாய்வு

‘ஸ்டார் வார்ஸ்’ படம் வெளியான மறு ஆண்டு, 1978இல், அமெரிக்கக் கடைகளுக்கு வந்த கென்னர் நிறுவனத்தின் டெத் ஸ்டார் பிளேசெட் நான்கு தளங்கள் கொண்ட பிளாஸ்டிக் கோபுரம். தளங்களுக்கிடையே ஏறி இறங்கும் லிஃப்ட், பொம்மைகள் கயிற்றில் தொங்கித் தாண்டும் பள்ளம், திருகைச் சுழற்றினால் சுவர் நெருங்கிவரும் குப்பை நசுக்கி, அதற்குள் வண்ண நுரைத் துண்டுகள், அவற்றின் அடியில் பதுங்கும் ஒரு பச்சை ஜந்து, உச்சியில் வெடித்ததுபோல் கழன்று விழும் பீரங்கி என்று ஒரு குழந்தை செய்து பார்க்க அதில் நிறைய இருந்தது. பிரிட்டனில் பாலிடாய் நிறுவனம் அதே பெயரில் விற்றதோ பெரும்பாலும் அட்டையால் ஆனது. சுவரும் தரையும் வண்ணத்தில் அச்சிட்ட தடித்த அட்டைகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கப் பிளாஸ்டிக் கிளிப்புகள். மேலே ஒரு பீரங்கி மேடை. இந்த அட்டை வடிவமே ஆஸ்திரேலியாவில் டோல்டாய்ஸ் பெயரிலும், கனடாவில் கென்னர் பெயரிலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் அச்சிட்ட பெட்டியிலும் விற்பனைக்கு வந்தது.

இரண்டில் எது அசல்? பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்களிடையே பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு சேகரிப்பு எப்போது முழுமையடைகிறது, எது தனி உருப்படி, எது வெறும் நிற மாற்றம், எதற்கு என்ன விலை, எதை அருங்காட்சியகம் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன. முக்கியமான நிலைப்பாடுகள் எங்கிருந்து தோன்றின, எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பிளேசெட் எப்படிப்பட்ட பொருள்?

தனிப் பொம்மைக்கும் பிளேசெட்டுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. பிளேசெட் பல உறுப்புகளின் கூட்டு. கொலுவுக்கு வாங்கும் கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் மட்டும் உடைந்துபோனால், மற்றப் பொம்மைகள் நன்றாக இருந்தும் செட் குறைபட்டுவிடுவதைப் போலத்தான் இதுவும். ஆகவே வட்டார வேறுபாட்டைப் பற்றிப் பேசும் முன், அந்தப் பெட்டிக்குள் முதலில் என்னென்ன இருந்தன என்பதை நிறுவியாக வேண்டும்.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனத்தின் செட்களைச் சேகரித்தவர்கள் எனலாம். 1950களின் தொடக்கத்தில் வந்த ‘ஃபோர்ட் அப்பாச்சி’ போன்ற மார்க்ஸ் செட்களில் வண்ணம் அச்சிட்ட தகரக் கட்டடங்கள், வேலிகள், பிளாஸ்டிக் மனிதர்கள், குதிரைகள், மரங்கள் என்று ஏராளமான சிறு துண்டுகள் இருந்தன. ஒரே தலைப்பில், கடைக்கு ஏற்றபடியும் விலைக்கு ஏற்றபடியும், வேறு வேறு உள்ளடக்கத்துடன் செட்கள் விற்கப்பட்டன. சியர்ஸ் போன்ற பெருங்கடைகள் தங்களுக்கென்று தனிச் சேர்க்கைகளைக் கேட்டு வாங்கின. பெட்டியின் மேலிருந்த சரக்கு எண்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய உதவியது. மார்க்ஸின் அச்சுகள் அமெரிக்காவோடு நிற்கவில்லை. வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்தில் மார்க்ஸுக்குத் தொழிற்சாலை இருந்தது. மெக்சிகோவில் பிளாஸ்டிமார்க்ஸ் என்ற பெயரில் உற்பத்தி நடந்தது. நிறுவனம் 1972இல் குவேக்கர் ஓட்ஸ் கைக்கும், பின்னர் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கும் போய், 1980இல் திவாலானது.

மார்க்ஸ் சேகரிப்பாளர்கள் விட்டுச்சென்ற முறை இன்றும் செல்லுபடியாகிறது: பெட்டி, சரக்கு எண், உள்ளிருக்கும் குறிப்புத்தாள், கடைகளின் விற்பனைப் பட்டியல் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட பிறகே ஒரு செட்டின் அடையாளத்தை முடிவு செய்வது. பின்வந்த நிலைப்பாடுகள் பலவும் இந்த நான்கில் ஏதோ ஒன்றுக்கு அதிக எடை கொடுத்ததால் உருவானவை.

வேறுபாடுகள் ஏன் பிறந்தன?

எது அசல் என்று தீர்மானிக்கும் முன், ஒரே பொம்மை நாட்டுக்கு நாடு ஏன் மாறியது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. காரணங்கள் பல; பெரும்பாலும் அவை ஒன்றோடொன்று பின்னியே இருந்தன.

முதலாவது, அச்சின் செலவு. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பதற்கு இரண்டு பாதிகளாகக் கடைந்தெடுத்த எஃகு அச்சு வேண்டும். பெரிய பிளேசெட்டுக்கு இத்தகைய அச்சுகள் பல தேவைப்படும். அமெரிக்கா போன்ற பெருஞ்சந்தையில் அந்தச் செலவை லட்சக்கணக்கான பெட்டிகளின் மேல் பரப்பிவிடலாம். சிறிய சந்தையில் அது கட்டுப்படியாகாது. அட்டைக்கு வேண்டியது அச்சு இயந்திரமும் வெட்டும் அச்சும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழியும் உண்டு: சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை ஒரு வடிவத்தின் மேல் விரித்து, காற்றை உறிஞ்சி இழுத்துப் படியவைப்பது. இதற்கான அச்சு மலிவு; கிடைக்கும் பொருள் மெல்லியது, எளிதில் விரிசல் விடும். கென்னரின் ‘லேண்ட் ஆஃப் தி ஜாவாஸ்’, ‘டிராய்ட் ஃபேக்டரி’ ஆகிய செட்களின் அடித்தளம் அமெரிக்காவில் வார்ப்பு முறையிலும், பாலிடாயின் பிரிட்டிஷ் வடிவங்களில் இந்தக் காற்றுறிஞ்சு முறையிலும் செய்யப்பட்டது.

இரண்டாவது, கப்பல் சரக்குக் கட்டணம். பிளேசெட் பெட்டியின் பெரும்பகுதி வெற்றிடம். எடை குறைவு, இடம் அதிகம். கடல் கடந்து அனுப்புவதற்கு இதைவிட வசதியற்ற பண்டம் குறைவு.

மூன்றாவது, அரசுகளின் வரியும் தடையும். பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, ஐரோப்பியப் பொதுச்சந்தையில் 1986இல் சேர்வதற்கு முந்தைய ஸ்பெயின் ஆகிய நாடுகளில், இறக்குமதி செய்வதைவிட உள்ளூர் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து அங்கேயே செய்துகொள்ள விடுவதே லாபகரமாக இருந்தது. மெக்சிகோவில் லிலி லெடி, பிரேசிலில் எஸ்ட்ரேலா, ஸ்பெயினில் காங்கோஸ்ட் போன்ற பெயர்கள் பொம்மை வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான். ஜெர்மனியில் 1974இல் அறிமுகமான பிளேமொபில்கூட ஸ்பெயினில் ஃபாமோபில் என்றும், கிரேக்கத்தில் லிரா வழியாகவும், பிரேசிலில் ட்ரோல் வழியாகவும் விற்கப்பட்டது.

நான்காவது, மொழி. கனடாவில் 1970களில் வந்த பொட்டலச் சட்டம் பெட்டியில் இரு மொழிகளையும் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 1983 வாக்கில் பாலிடாய் எதிர்த்திசையில் சென்றது: பல நாடுகளுக்கும் ஒரே பெட்டி போதும் என்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் படத்தின் பெயரைப் பொறித்த ‘ட்ரைலோகோ’ பெட்டிகளைக் கொண்டுவந்தது. வட்டார வேறுபாட்டைக் குறைப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடே பின்னாளில் சேகரிப்பாளர்களுக்குத் தனியொரு வகையாகிவிட்டது.

இந்தக் காரணங்கள் எல்லாம் வணிகம் சார்ந்தவை. ஆனால் அவற்றால் விளைந்த பொருள்கள் குழந்தைகளின் கைக்கு வெவ்வேறு விளையாட்டுகளாகப் போய்ச் சேர்ந்தன. விவாதம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

முதல் நிலைப்பாடு: மூல நிறுவனமே அளவுகோல்

மிகப் பழைய, மிகப் பரவலான விடை இது. வடிவமைத்து முதலில் வெளியிட்ட நிறுவனத்தின் பதிப்பே அசல். மற்றவை அதன் வழிவந்தவை. அமெரிக்க விலைக் கையேடுகள் இந்த வரிசையை வலுப்படுத்தின. முதலில் கென்னர் பட்டியல், அதன் பின்னர் ‘வெளிநாட்டுப் பதிப்புகள்’. ஸ்டீபன் சான்ஸ்வீட்டும் டி. என். டும்புஷும் 1994இல் வெளியிட்ட டோமார்ட்ஸ் கையேடு உலகப் பதிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இருந்தும் சேகரிப்பு உலகின் மையம் சின்சினாட்டியில் இருந்த கென்னராகவே பல காலம் நீடித்தது.

இதன் வலிமை எளிமை. பட்டியல் தயாரிக்க ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கிறது. தேதி வரிசை தெளிவாகிறது. ஆனால் இரண்டு இடங்களில் இது தடுமாறுகிறது.

ஒன்று, பாலிடாயின் டெத் ஸ்டார் கென்னருடையதன் மலிவுப் பிரதி அன்று. அது தனி வடிவமைப்பு. படத்தில் வரும் டெத் ஸ்டார் ஒரு கோளம்; கென்னரின் கோபுரம் அந்தக் கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டாகவே தோன்றும். அட்டையாலான பிரிட்டிஷ் வடிவமோ கோளத்தின் வளைவை நினைவூட்டுகிறது. திரைப்படத்துக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், ‘வழிவந்தது’ என்று ஒதுக்கப்பட்டது முன்னே வந்து நிற்கிறது.

இரண்டு, மூல நிறுவனமும் பிழை செய்திருக்கிறது. 1978இல் சியர்ஸ் கடைகளுக்கென்று கென்னர் செய்த கேன்டீனா செட்டில் நான்கு பொம்மைகள் இருந்தன. அவற்றுள் ஸ்னேகிள்டூத் என்ற பாத்திரம் நீல உடையில், உயரமாக, காலில் பூட்ஸுடன் இருந்தது. படத்தில் அந்தப் பாத்திரம் குள்ளம், உடை சிவப்பு. வடிவமைப்பாளர்களுக்கு இடுப்புக்கு மேலான கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே கிடைத்ததால் இப்படி நேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. பின்னர் தனி அட்டையில் வந்த பொம்மை திருத்தப்பட்டது. இன்று அதிகம் தேடப்படுவது அந்த நீலப் பொம்மைதான். மூல நிறுவனத்தின் எண்ணமே அளவுகோல் என்றால், அது திருத்திக்கொண்ட பிழையை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு இந்த நிலைப்பாட்டில் தெளிவான விடை இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: அச்சே சாட்சி

பொம்மையின் காலிலும் அடித்தளத்திலும் பொறித்திருக்கும் நாட்டுப் பெயர், அச்சின் எண், வார்ப்பின் தடம், பிளாஸ்டிக்கின் நிறம் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களின் விடை இது. கடையோ நாடோ முக்கியமில்லை. எந்த அச்சிலிருந்து, எந்தத் தொழிற்சாலையில் வந்தது என்பதே அடையாளம். சிறு பொம்மைகளுக்கு ஆயுதங்களைப் பொருத்தி, எது பழையது எது பின்னாளைய நகல் என்று பிரித்துக் காட்டியதில் இந்தப் பிரிவினரின் பங்கு மிகப் பெரியது. போலி உறுப்புகள் பெருகிய காலத்தில் இவர்களின் நுணுக்கம் இல்லாமல் சேகரிப்பே சாத்தியப்பட்டிருக்காது.

அச்சுகளின் பயணத்தையும் இந்த அணுகுமுறைதான் வெளிக்கொண்டுவந்தது. ‘லேண்ட் ஆஃப் தி ஜாவாஸ்’ பாலைவன அடித்தளத்தின் அச்சே பின்னர் பனிக்கோளான ஹோத்தின் செட்டுக்குப் பயன்பட்டது. கென்னரின் 1983ஆம் ஆண்டு ‘ஈவோக் வில்லேஜ்’ மரவீடுகள் 1991இல் ராபின் ஹூட் படத்துக்கான ஷெர்வுட் காட்டாக மீண்டும் வந்தன. கடல் கடந்த பயணங்களும் உண்டு. ஜி.ஐ. ஜோ வரிசையில் கோப்ரா அணியின் கறுப்பு ஹிஸ் டாங்கி, பிரிட்டனில் பாலிடாயின் ‘ஆக்‌ஷன் ஃபோர்ஸ்’ வரிசையில் சிவப்பு நிறம் பூண்டு, ரெட் ஷேடோஸ் என்ற வேறொரு எதிரிப் படையின் ஹையனா டாங்கியானது. அச்சு ஒன்று, கதை வேறு, வில்லனின் பெயரும் வேறு.

இந்தியாவும் இந்த வரைபடத்தில் வருவது இங்கேதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். குழுமம், ஹாஸ்ப்ரோவின் கூட்டுடன் 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், கோவாவில் இருந்த தொழிற்சாலையில் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைத் தயாரித்தது. நுகர்பொருள் இறக்குமதியின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 வரை நீடித்த நாட்டில், உள்ளூர் உற்பத்தியே இத்தகைய பொம்மைகள் பரவலாகக் கிடைக்க வழி. அமெரிக்காவில் அந்த வரிசை 1994இல் நிறுத்தப்பட்ட பிறகும் இந்தியாவில் அதே அச்சுகளிலிருந்து பொம்மைகள் வந்துகொண்டிருந்தன. நிறச் சேர்க்கைகள் மாறின, அட்டைகள் மாறின. 1980களிலும் 90களிலும் சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த ஒரு குழந்தைக்கு அது வெறும் பொம்மை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கோ அது தனித்துத் தேட வேண்டிய வட்டாரப் பதிப்பு. அதேபோல லியோ என்ற பெயரில் இந்தியாவில் வந்த ஹீ-மேன் பொம்மைகளும் மேட்டலின் உலகப் பட்டியலில் தனிப் பிரிவாகக் கொள்ளப்படுகின்றன.

இந்த நிலைப்பாட்டின் குறை, பொருளை உறுப்புகளாகப் பிரித்துவிடுவது. அச்சு ஒன்றே என்பதால் பாலைவனமும் பனிக்கோளும் ஒன்றாகிவிடா. ஈவோக் கிராமமும் ஷெர்வுட் காடும் ஒரே பிளேசெட் ஆகிவிடா. அட்டை டெத் ஸ்டாரைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் ஏறக்குறைய பயனற்றது. அங்கே பார்ப்பதற்கு எஃகு அச்சின் தடமே கொஞ்சம்தான். காகிதத்தின் தன்மை, அச்சு மையின் சாயல், வெட்டின் ஓரம் ஆகியவற்றைப் படிக்க வேறு பயிற்சி வேண்டும்.

மூன்றாம் நிலைப்பாடு: விற்ற இடமே அடையாளம்

ஐரோப்பிய, ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர்களிடையே வலுப்பெற்ற விடை இது. ஒரு பொம்மையின் உண்மையான இடம் அது விற்கப்பட்ட ஊரும் வாங்கப்பட்ட வீடும்தான். பிரிட்டனில் 1970களின் இறுதியில் வளர்ந்த தலைமுறைக்கு டெத் ஸ்டார் என்றால் அட்டைக் கோளமே. அவர்களிடம் போய் அது இரண்டாம் தரப் பதிப்பு என்று சொல்வது அவர்களின் குழந்தைப்பருவம் இரண்டாம் தரமானது என்று சொல்வதற்குச் சமம். ‘அமெரிக்கா முதலில், பிறகு மற்றவர்கள்’ என்ற வரிசையை முதலில் உடைத்தது இந்த வாதம்தான்.

நாட்டெல்லையைத் தாண்டியும் இது பொருந்துகிறது. நாடு மட்டுமல்ல, கடையும் ஒரு வட்டாரமே. ஜாபாவின் நிலவறை செட்டை சியர்ஸ் 1983இலும் 1984இலும் இரண்டு வடிவங்களில் விற்றது. ஒன்று சிவப்புப் பெட்டி, சாம்பல் அடித்தளம். மற்றது பச்சைப் பெட்டி, பழுப்பு அடித்தளம். இரண்டிலும் உடன் வந்த மூன்று பொம்மைகள் வேறு வேறு. ஒரே நாட்டின் ஒரே கடைக்குள், ஓராண்டு இடைவெளியில், இரண்டு செட்கள். வட்டாரம் என்பதைத் தேசமாக மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு பட்டியலில் அடிக்குறிப்பாகவே தங்கிவிடும்.

ஆனால் நினைவைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. ‘எங்கள் ஊரில் இது இப்படித்தான் வந்தது’ என்ற நினைவு, அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கிய இரண்டு செட்களின் உறுப்புகளைக் கலந்துவைத்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி உள்ளூர்ப் பதிப்பாக நினைவில் பதிந்திருக்கலாம். விற்ற இடத்தை நிறுவுவதற்கு நினைவோடு விற்பனைப் பட்டியலும், விலைச்சீட்டும், காலம் தெரிந்த புகைப்படமும் தேவை.

நான்காம் நிலைப்பாடு: அரிதும் நிலையும்

சந்தை தரும் விடை இது. எது குறைவாகக் கிடைக்கிறதோ, எது பிரிக்கப்படாமல் இருக்கிறதோ, அதுவே மேலானது. மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற உறையில் மூடித் தரும் அமெரிக்காவின் ஏ.எஃப்.ஏ. போன்ற நிறுவனங்கள் இந்த அளவுகோலை நிறுவனமாக்கின. அவற்றால் நன்மையும் உண்டு. போலிகளும் மறுசீரமைப்புகளும் வெளிப்பட்டன. வாங்குபவருக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

ஆயினும் பிளேசெட்டைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் ஓர் அநீதி செய்வதாகவே தோன்றுகிறது. பிளாஸ்டிக் கோபுரமும் அட்டைக் கோளமும் ஒரே விதமாக முதுமையடைவதில்லை. அட்டையின் ஓரம் நைந்து, மேலொட்டிய அச்சுத்தாள் உரியும். ஒவ்வொரு முறை பிரித்துக் கோக்கும்போதும் கிளிப் பிடித்த இடம் தளரும். காற்றுறிஞ்சு முறையில் செய்த மெல்லிய அடித்தளம் விரிசல் விடும். மறுபுறம் கென்னர் செட்டின் நுரைத் துண்டுகள், ஈரப்பதமும் காலமும் சேர்ந்து, பிசுபிசுத்துப் பொடியாகின்றன. ஆகவே நுரை முழுமையாக இருக்கும் ஒரு கென்னர் செட்டில், அது அன்று வந்ததா, பிறகு யாரோ வெட்டிப் போட்டதா என்ற ஐயம் எழுவது இயல்பு. மலிவான பொருளில் செய்யப்பட்ட பதிப்பு குறைவாக எஞ்சுகிறது. எஞ்சுவதில் சேதம் அதிகம். அதனால் சந்தையில் ஒரே நேரத்தில் அதற்கு ‘அரிது’ என்ற உயர்வும் ‘சேதம்’ என்ற தாழ்வும் கிடைக்கின்றன. எவ்வளவு தயாரிக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியது என்ற இரண்டு கேள்விகளும் ‘அரிது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கலந்துபோகின்றன.

உரிமமே இல்லாமல் செய்யப்பட்டவற்றின் நிலை இன்னும் சிக்கலானது. துருக்கியில் உசாய் என்ற பெயரில் வந்த உரிமமற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் இன்று மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. சட்டப்படி நகல், சந்தைப்படி பொக்கிஷம். உரிமம்தான் அசலுக்கு அடையாளம் என்ற எளிய விதியைச் சேகரிப்பாளர்களே கைவிட்டுவிட்டதை இது காட்டுகிறது.

ஐந்தாம் நிலைப்பாடு: பொருளின் வாழ்க்கை வரலாறு

மானிடவியலிலிருந்தும் அருங்காட்சியகத் துறையிலிருந்தும் வந்த விடை இது. அர்ஜுன் அப்பாதுரை 1986இல் தொகுத்த நூலில், ஒரு பொருளுக்கும் மனிதருக்கு இருப்பதுபோல வாழ்க்கை வரலாறு உண்டு என்ற பார்வையை இகோர் கோபிடாஃப் முன்வைத்தார். பண்டமாகப் பிறப்பது, வீட்டுக்குள் நுழைந்து தனித்தன்மை பெறுவது, பரணில் கிடப்பது, மீண்டும் சந்தைக்கு வருவது என எல்லாமே அதன் வரலாறு. இந்தப் பார்வையில் அசல், வழிவந்தது என்ற படிநிலைக்கு இடமில்லை. குழந்தை பெயரெழுதி வைத்த பெட்டியும், தந்தை பசை போட்டு ஒட்டிய அட்டைச் சுவரும் சேதமாகக் கருதப்படுவதில்லை. பயன்பாட்டின் ஆவணமாகவே கொள்ளப்படுகின்றன.

விளையாட்டை வரலாற்றுப் பொருளாக மதிக்கும் நிறுவனங்கள் இந்தப் பார்வைக்கு நெருக்கமானவை. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம், அங்குள்ள தேசியப் பொம்மைப் புகழரங்கில் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கு 2012இல் இடமளித்தது. சேகரிப்பாளரின் அலமாரியிலிருந்து பொது நினைவின் இடத்துக்குப் பொம்மை நகர்ந்ததற்கு இதை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

இந்த நிலைப்பாட்டின் குறை, அதன் தாராளம். எல்லாமே வரலாறு என்றால் எதையும் பிரித்தறிய வழியில்லை. நவீன அச்சில் செய்த கிளிப்பும் பொருளின் வாழ்க்கையில் ஒரு அத்தியாயம்தான். ஆனால் அதை 1978ஆம் ஆண்டின் கிளிப் என்று விற்பது பொய். வகைப்படுத்தும் கடமையை இந்தப் பார்வை மட்டும் நிறைவேற்றாது.

ஒப்பீடும் மதிப்பீடும்

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே கேள்விக்கு மோதும் விடைகளாக இல்லாமல், ‘எது அசல்’ என்ற ஒரே பெயரில் கேட்கப்பட்ட வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளாகத் தோன்றுகின்றன. வடிவமைத்தது யார் என்பது ஒரு கேள்வி. எந்த அச்சில், எங்கே செய்யப்பட்டது என்பது இரண்டாவது. யாருக்கு, எந்தப் பெட்டியில் விற்கப்பட்டது என்பது மூன்றாவது. இன்று கையில் இருக்கும் இந்தப் பிரதிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது நான்காவது. விலை இவற்றுக்கெல்லாம் பின்னால் வருவது; இவற்றுக்கு விடையாகாது.

இப்படிப் பிரித்துக்கொண்டால் டெத் ஸ்டார் விவாதம் ஓரளவு தெளிவடைகிறது. கென்னரின் கோபுரமும் பாலிடாயின் அட்டையும் இரண்டு தனி வடிவமைப்புகள். ஒன்றின் பதிப்புகள் என்று அவற்றை அழைப்பது பொருந்தாது. பாலிடாய், டோல்டாய்ஸ், கனடிய கென்னர் பெட்டிகள் மூன்றும் ஒரே வடிவமைப்பின் சந்தைப் பதிப்புகள். ஈவோக் கிராமமும் ஷெர்வுட் காடும் அச்சால் உறவினர்; பிளேசெட்டாக வேறுபட்டவை. ஃபன்ஸ்கூல் பொம்மை அச்சால் ஹாஸ்ப்ரோவின் வாரிசு. சந்தையால் இந்தியப் பொருள். ஒரே பொருள் இரண்டு வரிசைகளிலும் இடம்பெறுவதில் முரண் ஏதும் இல்லை.

வட்டாரப் பதிப்புகளின் உண்மையான மதிப்பு அவை எவ்வளவு அரியவை என்பதைவிட, அவை எதைச் சொல்கின்றன என்பதில் இருப்பதாகவே கருத வேண்டியிருக்கிறது. ஒரு நாடு எதை இறக்குமதி செய்யவிட்டது, ஒரு தொழிற்சாலையால் எதைக் கட்டுப்படியான விலையில் செய்ய முடிந்தது, பெட்டியில் எந்த மொழி இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பவற்றை அறிக்கைகளைவிட நேரடியாக இந்தப் பொம்மைகள் காட்டுகின்றன. அட்டைச் சுவர் பொம்மைத் தொழிலின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்கினால் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இன்னும் தீராதவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. முதலாவது, தயாரிப்பு எண்ணிக்கை. கென்னரும் பாலிடாயும் அப்போது ஜெனரல் மில்ஸ் குழுமத்தின் கையில் இருந்தன. 1985இல் கென்னர் அதிலிருந்து ‘கென்னர் பார்க்கர்’ என்ற நிறுவனமாகப் பிரிந்து, 1987இல் டோங்காவிடமும் 1991இல் ஹாஸ்ப்ரோவிடமும் போனது. சின்சினாட்டி அலுவலகம் 2000இல் மூடப்பட்டது. இத்தனை கைமாற்றங்களுக்குப் பிறகு, எந்தப் பதிப்பு எவ்வளவு செய்யப்பட்டது என்பதற்கு எஞ்சிய பிரதிகளை எண்ணி ஊகிப்பதே பெரும்பாலும் வழியாகிவிடுகிறது. அந்த ஊகம், எந்தப் பொருள் எவ்வளவு நீடிக்கும் என்பதால் முன்பே வளைந்திருக்கிறது.

இரண்டாவது, முழுமை என்பதன் வரையறை. ஒரே பெட்டியில் உற்பத்தியின் நடுவே உறுப்பின் நிறம் மாறியிருந்தால், அது தனிப் பதிப்பா, தற்செயலா? எந்த அளவு மாற்றம் திட்டமிட்டது என்பதற்கு எழுத்துச் சான்று கிடைக்காதவரை, இதில் சேகரிப்பாளர்களின் ஒப்புதலே தீர்ப்பாக இருக்கும். அந்த ஒப்புதல் தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடும்.

மூன்றாவது, சந்தையின் விளிம்பில் இருந்த நாடுகளின் வரலாறு. அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்புகள் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன. மெக்சிகோ, பிரேசில், இந்தியா போன்ற இடங்களில் பொம்மை செய்த தொழிலாளர்கள், அச்சுகளை இறக்கிய பொறியாளர்கள், வண்ணம் தேர்ந்த மேலாளர்கள் சொல்லக்கூடியவை இன்னும் போதிய அளவு பதிவாகவில்லை. அந்தத் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. ஃபன்ஸ்கூலின் கதை தமிழிலேயே எழுதப்படக்கூடியது, எழுதப்பட வேண்டியதும்கூட.

எது அசல் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இனி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அது தேவையும் இல்லை. சேகரிப்பாளர் செய்யக்கூடியது, கையிலுள்ள ஒவ்வொரு செட்டுக்கும் மேற்சொன்ன நான்கு கேள்விகளுக்கான விடையைத் தனித்தனியாக எழுதிவைப்பதும், தெரிந்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் இருப்பதும், பெட்டியையும் குறிப்புத்தாளையும் குப்பை என்று எறியாமல் காப்பதும்தான். தரவரிசை போடுவதற்கு முன் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றினால், அடுத்த தலைமுறை இந்த விவாதத்தை நம்மைவிட உறுதியான சான்றுகளோடு தொடர முடியும்.